அச்சமும் நகையும் ஓரிடத்தில்: தியாகராஜன் குமாரராஜாவின் திரைமொழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் காப்பியமும் பேசிப் பழகிய இந்த மேடையில் ஒரு திரைப்பட இயக்குநரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருத்தமா என்ற ஐயம் சிலர்க்கு எழலாம். நாஞ்சில் நாட்டு மண்ணில் நின்றுகொண்டு அந்த ஐயத்தை எழுப்ப இயலாது என்பது என் எண்ணம். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக மேடையேற்றியவர். நம் ஊர்க்கொடையின் கலையையும் திரையின் கலையையும் ஒரே மூச்சில் வாழ்ந்து காட்டியவர் அவர். சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள தேரூரில் பிறந்த கவிமணியோ, மருமக்கள் வழி மான்மியம் என்னும் படைப்பில் ஒரு குடும்பம் அழிந்த கதையை நகைச்சுவையாகவே சொல்லி முடித்தார். ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் துயரைச் சொல்கிறாள், நாம் சிரிக்கிறோம், சிரித்து முடித்தபின் எதற்காகச் சிரித்தோம் என்று நெஞ்சு உறுத்துகிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அம்மருமக்கள் வழி முறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே அம்முறையின் அறத்தை நகை கேள்விக்கு உள்ளாக்கிவிட்டது. ஆகவே அவலத்தின் நடுவில் பிறக்கும் நகை நமக்குப் புதியதன்று.

இன்றைய இளைஞர்கள் 'டார்க் ஹியூமர்' என்று சொல்லும் அந்த நகையையும், 'சஸ்பென்ஸ்' என்று சொல்லும் பதற்றத்தையும் தமிழ்த் திரையில் மிக நுட்பமாகப் பிணைத்தவர் தியாகராஜன் குமாரராஜா. முன்னதை 'அவல நகை' என்றும் பின்னதைப் 'பதற்றம்' என்றும் இவ்வுரையில் குறித்துக்கொள்கிறேன்.

இயக்குநரும் அவர்தம் தனிவழியும்

2007ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓரம் போ' படத்திற்கு உரையாடல் எழுதியவர் குமாரராஜா. அவர் முதன்முதலில் இயக்கிய 'ஆரண்ய காண்டம்' 2011ஆம் ஆண்டு சூன் திங்களில் திரைக்கு வந்தது. எஸ். பி. பி. சரண் தயாரித்த அப்படம், அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க்கில் நடைபெற்ற தெற்காசியப் படவிழாவில் திரையிடப்பட்டுப் பரிசு பெற்றிருந்தது. ஆயினும் இங்கே தணிக்கை வாரியம் ஐம்பத்திரண்டு வெட்டுகளைக் கோரியது. தயாரிப்பாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது. அத்தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டமையால், இன்று அத்தகைய வழக்குடையோர் உயர்நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கிறது. திரையரங்கில் பெரும்பொருள் ஈட்டாத அப்படம், சிறந்த அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி விருதையும் சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருதையும் பெற்றது.

அடுத்த படமான 'சூப்பர் டீலக்ஸ்' 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் வந்தது. இடையில் எட்டாண்டுகள். ஓராண்டில் ஒரு படம் என்று கணக்கிடும் தொழிலில் எட்டாண்டுகள் காத்திருப்பது எளிதன்று. இரண்டாம் படத்தின் தயாரிப்புப் பொறுப்பில் அவரே பங்கேற்றார். மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோரோடு சேர்ந்து திரைக்கதையை எழுதினார். புகழ்பெற்ற இயக்குநர்கள் வேறொருவர் படத்திற்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தனர் என்பதே அவர் எத்தகைய சூழலில் இயங்குகிறார் என்பதைக் காட்டும். 2023இல் வந்த 'மாடர்ன் லவ் சென்னை' தொகுப்பிலும் அவர் இயக்கிய பகுதி ஒன்று உண்டு. எனினும் இவ்வுரையை அவ்விரு முழுநீளப் படங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

மெய்ப்பாட்டியலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருபவள் என்ற முறையில், இப்படங்களைக் காணும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தொல்காப்பியரே. எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த அவர், அது நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்றார். இகழ்ச்சியாகிய எள்ளல், குழந்தைத் தன்மையாகிய இளமை, அறியாமையாகிய பேதைமை, ஒருமுறை பற்றிக்கொண்டதை விடாதிருக்கும் மடன் என்பன அவை. அச்சத்திற்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறினார். வருத்தும் ஆற்றலாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை.

நம் நாடகமும் திரையும் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்தே வைத்தன. அச்சத்திற்கு ஒரு வில்லன். நகைக்கு ஒரு நகைச்சுவை நடிகர். கதை இறுகும்போது வில்லன் வருவார். இறுக்கம் தாங்காதபோது நகைச்சுவைப் பகுதி வரும். வெயிலில் நடப்பவர்க்கு இடையிடையே நிழற்குடை போலச் சிரிப்பு அமைக்கப்பட்டது. குமாரராஜாவின் படங்களில் இப்பிரிவினை இல்லை. எவரைக் கண்டு அஞ்சுகிறோமோ அவரைப் பார்த்தே சிரிக்கிறோம். எவரைப் பார்த்துச் சிரித்தோமோ அவரே சற்று நேரத்தில் நம்மை அஞ்சவைக்கிறார். நகையின் நிலைக்களனும் அச்சத்தின் நிலைக்களனும் ஒரே மாந்தரிடம் கூடிவிடுகின்றன. இவருடைய நடையின் அடிப்படை இதுவே என்பது நான் இங்கு நிறுவ விரும்பும் கருத்து. இந்நடை வெல்லும் இடம் எது, தடுமாறும் இடம் எது என்பதையும் இக்கருத்தைக் கொண்டே அளக்கலாம்.

பதற்றம் என்பது யாது?

திகில் படங்களின் பேராசானாகிய ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவுடன் நிகழ்த்திய நெடிய உரையாடலில் ஒரு விளக்கம் தந்தார். மேசைக்கடியில் குண்டு இருப்பதை அறியாமல் சிலர் பேசிக்கொண்டிருக்கின்றனர். பார்வையாளர்க்கும் தெரியாமல் அது வெடித்தால் கிடைப்பது சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்வையாளர்க்கு முன்னரே தெரிந்திருந்தால், அவர்கள் பேசுகிற வெற்றுப் பேச்சின் ஒவ்வொரு சொல்லும் பதற்றமாகிவிடும்.

தமிழில் இதனை முதலில் உணர்ந்து செய்தவர் வீணை எஸ். பாலசந்தர். 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'அந்த நாள்', பாட்டும் ஆட்டமும் இன்றி வந்த முதல் தமிழ்ப் படம் என்று போற்றப்படுவது. 1943இல் சென்னையின் மீது சப்பானியர் குண்டு வீசிய நிகழ்வைப் பின்புலமாகக் கொண்டு, ஒரு கொலையைப் பலர் பலவாறு சொல்லும் கதை அது. 1964இல் அவர் எடுத்த 'பொம்மை' படத்தில் வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிச் செல்கிறது. ஏந்தியிருப்பவர்க்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஹிட்ச்காக்கின் மேசையை ஊர்த்தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார் பாலசந்தர். பாடலைக் கதைமாந்தர் வாயில் வைக்காமல், பழைய திரைப்பாடல்கள் பின்னணியில் ஒலிக்கக் கதையை நடத்தும் 'ஆரண்ய காண்டம்', ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து அந்த மரபைத் தொட்டது எனலாம்.

இன்னும் அருகில் ஓர் உவமை உண்டு. நம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்பவர் எவருக்கேனும் கதையின் முடிவு தெரியாதா? கொலையுண்டவர் தெய்வமாவார் என்பது பந்தலில் உறங்கும் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் வெட்டுப்படும் இடம் நெருங்க நெருங்கப் பந்தல் அமைதியாகிறது. அந்நேரத்தில் பின்பாட்டுக்காரர் ஒரு குறும்புக் கேள்வி கேட்பார், கூட்டம் சிரிக்கும், சிரிப்பு அடங்குமுன் குடத்தின் அடி மாறும், கொலை வந்துவிடும். அந்தச் சிரிப்பு, கேட்போரின் காவலைத் தளர்த்திவிட்டுப் போகிறது. குமாரராஜா செய்வதும் இத்தகையதே. அவர் படங்களில் மரணம் வாயிற்படியில் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் மிகச் சிறிய செய்தி ஒன்றைப் பற்றி மிக விரிவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

காட்டின் கதை

'ஆரண்ய காண்டம்' வடசென்னையில் ஒரு பகலுக்குள் நிகழும் கதை. மூப்படைந்த தாதா சிங்கபெருமாள், அவனிடம் அடைபட்டிருக்கும் இளம்பெண் சுப்பு, அடியாட்களால் ஏளனம் செய்யப்படும் சப்பை, தலைமைக்கு அடுத்த நிலையில் இருக்கும் பசுபதி, எதிர்க்கும்பலின் கஜேந்திரன், நொடித்துப்போன பெருங்குடியைச் சேர்ந்தவனும் சேவற்சண்டைக்காக நகரம் வந்தவனுமான காளையன், அவன் மகன் கொடுக்காப்புளி. இவர்களுக்கிடையே ஒரு போதைப்பொருள் பை அகப்படுகிறது.

பெயர்களை நோக்குக. சிங்கம், யானை, காளை என்று விலங்குகள் நிறைந்த இக்காட்டில் ஒருவன் பெயர் மட்டும் பசுபதி. உயிர்களுக்குத் தலைவன் என்பது அதன் பொருள். இறுதியில் தலைமை எவன் கைக்குச் செல்லும் என்பது முதற்காட்சியிலேயே பெயரால் சொல்லப்பட்டுவிட்டது. இராமகாதையின் மூன்றாம் காண்டத்தை நினைவில் வைத்துப் பார்ப்பவர்க்கு இன்னும் சில புலப்படும். அங்கே பொன்மான், இங்கே அந்தப் பை. கண்டவர் அனைவரும் அதன்பின் ஓடுகின்றனர். அங்கே சீதை கவரப்படுகிறாள். இங்கே பசுபதியின் மனைவி கஸ்தூரி கடத்தப்படுகிறாள். அங்கே மாரீசன் இராமனின் குரலில் கூவி ஏமாற்றுகிறான். இங்கே ஒரு குரல் தன் வேலையை மறைக்கத் தவறிவிடுகிறது. பசுபதியைக் கொன்றுவிடுமாறு சிங்கபெருமாள் தொலைபேசியில் ஆணையிடும்போது, கைப்பேசியின் ஒலிபெருக்கி வழியே பசுபதியே அதனைக் கேட்டுவிடுகிறான். அதற்குச் சற்று முன்வரை அந்த வண்டியில் நடந்த பேச்சு, ஒரு பெண்ணின் மனத்தை அறிய அவள் ரஜினியை விரும்புபவளா கமலை விரும்புபவளா என்று கேட்க வேண்டும் என்பது பற்றியதாகும். அரங்கம் அதற்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. அதே இருக்கையில், அதே தொனியில், மரண ஆணை வந்து விழுகிறது. சிரிப்பை நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் பார்வையாளர் தடுமாறும் அந்தக் கணமே குமாரராஜாவின் முத்திரை.

இனி மெய்ப்பாட்டைப் பொருத்திப் பார்ப்போம். எள்ளலுக்கு இலக்கானவன் சப்பை. அவன் பெயரே எள்ளல். இளமைக்குக் கொடுக்காப்புளி. குடித்து வீழ்ந்தும் பழம்பெருமையை விடாமல் சேவலைத் தழுவிக்கொண்டிருக்கும் காளையன் மடனின் வடிவம். பேதைமைக்குச் சுப்பு. நான்கு வாயில்களும் நிறைந்துவிட்டன. ஆனால் கதை நகர நகர ஒவ்வொருவரும் தமக்குரிய வாயிலை விட்டு வெளியேறுகின்றனர். சிறுவன் கொடுக்காப்புளி பெரியவர்கள் எவரினும் தெளிந்த அறிவுடையவனாக, தந்தையை மீட்கப் பேரம் பேசுகிறான். தந்தையை அவனுக்குப் பிடிக்குமா என்ற கேள்விக்கு, பிடிக்காது, ஆனாலும் அவர் என் தந்தை என்ற பொருளில் அவன் சொல்லும் விடை, தமிழ்த் திரை உரையாடல்களில் நிலைத்துவிட்ட ஒன்று. அறியாப் பெண் என்று நாம் எண்ணிய சுப்புவோ, அந்தப் பேதைமையையே போர்வையாகப் போர்த்து எல்லாரையும் வென்று வெளியேறுகிறாள். பேதைமையின் உள்ளே அணங்கு இருந்திருக்கிறது. நகையின் வாயிலில் நுழைந்தவளை அச்சத்தின் வாயிலில் காண்கிறோம்.

சிங்கபெருமாளிடம் இது தலைகீழாக நிகழ்கிறது. அவன் 'தம் இறை'. அனைவரும் அஞ்சும் தலைவன். படமோ அவனுடைய இயலாமையிலிருந்தே தொடங்குகிறது. மூப்பு இளிவரலின் நிலைக்களன் என்பார் தொல்காப்பியர். அவன் தளர்ந்துவிட்டானோ என்று பசுபதி ஒரு சொல்லில் கேட்டுவிட, அந்த ஒரு சொல்லே ஒரு நாளின் அத்தனை கொலைகளுக்கும் வித்தாகிறது. அதிகாரம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் காட்ட இதனினும் சுருக்கமான வழி இருக்குமெனத் தோன்றவில்லை. அஞ்சத்தக்கவனை நகைக்கத்தக்கவனாக்குவது அவனை அளந்துவிடுவதாகும். அளந்தபின் அச்சம் பழைய அச்சமாக இருப்பதில்லை.

படத்தின் தொடக்கத்தில் சாணக்கியர் பெயரால் ஒரு கேள்வி பதில் வருகிறது. அறம் எது என்பது கேள்வி. தேவைப்படுவதே அறம் என்பது விடையின் சாரம். இதனை இயக்குநரின் கொள்கை என்று கொண்டு சினந்தவர் உண்டு. காட்டின் சட்டத்தை அவர் எழுதிக் காட்டுகிறார். அச்சட்டத்தில் வாழ்பவர்க்கு என்ன நேர்கிறது என்பதை மீதிப் படம் காட்டுகிறது. இதுவே என் புரிதல்.

அநீதியின் கதைகள்

'சூப்பர் டீலக்ஸ்' படத்திற்கு முதலில் எண்ணப்பட்ட பெயர் 'அநீதிக் கதைகள்'. பதினெண்கீழ்க்கணக்கில் பதினொரு நூல்களை நீதிக்கென ஒதுக்கிய மொழியில் இப்படியொரு பெயர் வைக்கத் துணிவு வேண்டும். நீதி நூல் நமக்கு விடை தரும். இப்படம் வினாவை நம் மடியில் போட்டுவிட்டுப் போகிறது.

முதற்கதையில், கணவன் இல்லாத வேளையில் வேம்பு வரவழைத்த பழைய காதலன் அவள் வீட்டிலேயே இறந்துவிடுகிறான். கணவன் முகிலன் திரும்புகிறான். பிணத்தை என்ன செய்வது? பிணத்தை வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவர்களிடம் முகம் கோணாமல் பேச வேண்டியிருக்கிறது. விருந்தோம்பலும் குற்றமும் ஒரே கூடத்தில் நடக்கின்றன. அதைவிடச் சிறப்பு, பிணத்தை மறைக்கும் அந்தப் பயணத்தில்தான் அக்கணவனும் மனைவியும் திருமணமான நாள்முதல் பேசாதவற்றையெல்லாம் பேசுகின்றனர் என்பது. ஒரு மரணம் நேர்ந்த பிறகே ஓர் இல்லறத்தில் உண்மை நுழைகிறது. சிரித்துக்கொண்டே இதனைப் பார்க்கும் இணையர் பலர் வீடு திரும்பும் வழியில் அமைதியாகியிருப்பர்.

மற்றொரு கதையில், மனைவியையும் மகனையும் விட்டு நெடுங்காலம் முன் சென்ற மாணிக்கம், ஷில்பா என்னும் திருநங்கையாகத் திரும்புகிறார். வீட்டுப் பெரியவர்கள் திகைத்து நிற்க, மகன் இராசுக்குட்டி ஒருவனே இதில் வியக்க ஒன்றுமில்லை என்பதுபோல் கையைப் பற்றிக்கொள்கிறான். இளமையில் பிறக்கும் நகை பெரியவர்களைத் திருத்தும் இடம் இது. விஜய் சேதுபதி இவ்வேடத்திற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார்.

இக்கதைகளை இணைப்பவன் பெர்லின் என்னும் காவல் அதிகாரி. அச்சத்தின் இரு நிலைக்களன்களான கள்வரும் இறையும் அவனிடம் ஒன்றாகிவிட்டன. காக்கவேண்டியவனே கவர்பவன். அவன் சினந்து கத்துவதில்லை. உரிமையோடு கொஞ்சிப் பேசுகிறான். அந்தக் கொஞ்சலே நடுக்கம் தருகிறது. இறுதியில், அவனோடு தொடர்பே இல்லாத சிறுவர்கள் எறிந்த தொலைக்காட்சிப் பெட்டி அவன் தலையில் விழுகிறது. சட்டம் தண்டிக்கவில்லை, நாயகன் தண்டிக்கவில்லை, ஒரு பழுதான பெட்டி தண்டித்தது. சிலம்பில் ஊழாக வந்தது இங்கே ஒரு தற்செயலாக, கேலியாக வருகிறது.

நகை எவர்மேல் விழுகிறது?

இதுவரை புகழ்ந்தேன். இனி எனக்குள்ள ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். நகையை ஆள்பவர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. அது எவர்மேல் விழுகிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் பெர்லின் ஷில்பாவை இழிவுபடுத்தும் காட்சியில் இயக்குநர் நகையை முற்றாக நிறுத்திவிடுகிறார். அது அறிந்து செய்த செயல், வணங்கத்தக்கது. ஆனால் பின்னர், மும்பையில் பிச்சையெடுக்க வைப்பதற்காகக் குழந்தைகளைக் கடத்தியதில் தமக்குப் பங்குண்டு என்று ஷில்பாவே சொல்வதாக ஒரு திருப்பம் வருகிறது. படம் வெளிவந்தபோது திருநங்கையர் பலர் இதனைக் கண்டித்தனர். அவர்கள் கண்டித்ததில் நியாயம் இருந்தது. திருநங்கையர் பிள்ளை பிடிப்பவர் என்னும் பொய்க்கதையால் தெருவில் அடிபட்டவர்கள் அவர்கள். 2014இல் உச்சநீதிமன்றம் அவர்தம் பாலின அடையாளத்தை ஏற்றுத் தீர்ப்பளித்த பின்னரும் அந்தப் பொய் தெருவில் உலவிக்கொண்டுதான் இருக்கிறது. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய தன்வரலாறுகளைப் படித்தவர்க்கு, ஒரு கதைத் திருப்பத்திற்காக எதை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். எல்லா மாந்தரையும் கறை படிந்தவராகக் காட்டுவதே இயக்குநரின் நோக்கம் என்று விடை கூறலாம். சுப்புவின் கறை சுப்பு என்ற ஒருத்தியோடு நின்றுவிடும். ஷில்பாவின் கறை ஒரு கூட்டத்தின்மேல் ஏற்கெனவே பூசப்பட்ட கறை. இரண்டும் ஒன்றல்ல. வலியோரை அளந்த அதே கோல் எளியோர்மேல் விழுந்த இடம் என்று இதனைக் குறிக்கிறேன்.

அடுத்து நான் சொல்லப்போவது இந்த மாவட்டத்தைத் தொட்டது. அப்படத்தில் அற்புதம் என்றொருவர் வருகிறார். சாவதற்காகக் கடலுக்குச் சென்றவர். அன்றுதான் ஆழிப்பேரலை வந்தது. ஒரு சிலையைப் பற்றிக்கொண்டு பிழைத்தார். அச்சிலையே தெய்வம் என்று பரப்பி வாழ்கிறார். மிஷ்கின் நடித்த அப்பாத்திரம் தொடக்கத்தில் சிரிப்புக்குரியதாகவே அமைந்திருக்கிறது. மகன் குருதி வழியக் கிடக்கும்போதும் மருத்துவமனைக்குச் செல்லாமல் சிலையை நம்பியிருக்கும் அவரது மடன் நகைக்கவும் நடுங்கவும் வைக்கிறது.

2004 டிசம்பர் 26 இங்கே எவருக்கும் வெறும் தேதியன்று. கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் அந்தக் காலைப்பொழுது என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துச் சென்றது. குமரிமுனையில் வள்ளுவர் சிலையின் அடியில் அலை மோதியதை நாம் படங்களில் பார்த்தோம், சிலை நின்றது, கரையில் வீடுகள் நிற்கவில்லை. அந்த அலையை ஒரு நகைச்சுவையின் கருவியாக்க ஒரு கலைஞனுக்கு உரிமை உண்டா?

இக்கேள்வியை என் முதுகலை வகுப்பில் வைத்தேன். கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி நெடுநேரம் பேசாமலிருந்து பிறகு எழுந்தாள். "முதலில் சிரித்தேன் அம்மா, பிறகு சிரித்ததற்குக் கூசினேன். கடைசியில் அவர், சாக வந்த என்னை விட்டுவிட்டு வாழ நினைத்தவர்களை ஏன் கொண்டுபோனாய் என்று தவிக்கும்போது, அது என் பாட்டி இருபது ஆண்டுகளாகக் கேட்கும் கேள்வி என்று தெரிந்தது" என்றாள். வகுப்பில் அதன்பின் எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்த மாணவியின் சொல்லில் ஒரு திறனாய்வு முறை இருக்கிறது. சிரிப்பு, கூச்சம், அறிதல் என மூன்று படிகள். அற்புதத்தின் கதை இம்மூன்று படிகளிலும் நம்மை ஏற்றுகிறது. இறுதியில் அச்சிலை உடைந்து உள்ளிருந்து வைரங்கள் சிதறும்போது, தெய்வம் காத்ததா, கல் காத்ததா, தற்செயல் காத்ததா என்னும் மூன்று விடைகளும் ஒரே நேரத்தில் மெய்போல் நிற்கின்றன. பேரலையில் பிழைத்தவரை அப்படம் கேலி செய்யவில்லை. பிழைத்தது ஏன் என்று அறிய முடியாத மனிதனின் தவிப்போடு அருகில் உட்கார்ந்துகொள்கிறது. ஷில்பாவின் திருப்பத்தில் முதற்படியிலிருந்து மூன்றாம் படிக்குச் செல்லும் வழி அடைபட்டுவிட்டது. பார்வையாளன் தான் முன்பே நம்பியிருந்த பொய்யை உறுதிப்படுத்திக்கொண்டு வெளியேற இடம் கிடைத்துவிட்டது. ஒரே படத்தில் வெற்றியும் தவறும் அடுத்தடுத்து நிற்பதால் நாம் கற்றுக்கொள்ள இரண்டும் கிடைக்கின்றன.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

இவ்வட்டத்தின் கவிஞர் பெருமக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் தொல்காப்பியர் இரண்டாக்கினார். வெளிப்படையாக வைவது செம்பொருள். வையும் சொல்லை மறைத்து வைப்பது பழிகரப்பு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவை, அவனுடைய படைக்கலங்கள் நெய் பூசி மின்னுகின்றன என்று புகழ்ந்தே, அவை போர் காணாதவை என்பதை உணர்த்திவிட்டார். அந்த அரண்மனையில் அப்போது சிரித்தவர் எவரோ, அஞ்சியவர் எவரோ! ஒரே சொல்லில் இரண்டும் இருந்தன. போரைத் தடுக்கச் சென்ற பெண்ணின் கையில் இருந்த ஒரே படைக்கலம் அந்த நகை.

நம் காலத்துச் சமூகக் கவிதைகளில் செம்பொருள் மிகுந்து பழிகரப்புக் குறைந்துவிட்டது என்பது என் தாழ்மையான கருத்து. சினத்தைச் சினமாகவே எழுதுகிறோம். துயரைத் துயர் என்றே பெயரிடுகிறோம். கேட்பவர் கைதட்டிவிட்டு அப்படியே எழுந்து போகிறார். குமாரராஜாவின் மாந்தர் தம் துயரைப் பெயரிட்டுச் சொல்வதில்லை. அவர்கள் வேறெதையோ பேசிக்கொண்டிருப்பார்கள். பேசாதது நம்மிடம் வந்து சேரும். கொடுக்காப்புளியின் ஒரு வரி விடையில் மகனுக்கும் தந்தைக்கும் இடையே உள்ள அத்தனையும் அடங்கியிருப்பது இவ்வாறே. கவிதைக்கும் அச்சிக்கனம் அயலானதன்று. சங்கப் பாடல்களின் வழி அதுதானே?

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறேன். நகையைக் கையில் எடுக்கும்போது, அது யாரை நோக்கிப் பாய்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம்மை அச்சுறுத்துபவரை நோக்கியென்றால் தயங்க வேண்டியதில்லை, எழுதுங்கள். ஏற்கெனவே அஞ்சி வாழ்பவரை நோக்கியென்றால், அவர் இந்த அவையின் முதல் வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு அந்த வரியை மறுபடி படியுங்கள். அப்போதும் அது நிற்குமானால் நல்ல வரிதான்.

பத்தாண்டுகளாக ஒருவர் கவிதையை மற்றவர் முகத்துக்கு நேரே படித்து, முகத்துக்கு நேரே குறை சொல்லும் பழக்கத்தைக் காத்துவரும் இவ்வட்டத்தில் இதனைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது.